கைப்பிடி பொருத்தியாயிற்று, தட்டில் என்ன இருக்கிறது?

ஈசூனின் பழைய வீவக புளோக்குகளில் மூத்தோர் வசிக்கும் வீடுகள் பலவற்றில் இப்போது குளியலறைக் கைப்பிடி இருக்கிறது. 2012ல் தொடங்கிய 'ஈஸ்' திட்டம் செலவில் 95 விழுக்காடு வரை மானியம் தருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், விழுவதற்கான காரணம் எல்லாம் தரையில் இல்லை.

காலையில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும், மதியம் ரசம் சோறு, இரவில் ரொட்டி. தனியாக வாழும் மூத்தோர் பலருக்கு இதுவே சாப்பாடு. வயிறு நிறைகிறது, புரதம் சேர்வதில்லை. 50 வயதைக் கடந்தோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் தேவை என்கிறது சுகாதார மேம்பாட்டு வாரியம். 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 72 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது ஏறக்குறைய 6 கிராம்தான். தொடைத் தசை மெலிந்தவர் இடறினால் காலை ஊன்றிச் சமாளிப்பது கடினம்.

இரவில் கழிவறைக்கு எழ வேண்டுமே என்று பகலிலேயே தண்ணீரைக் குறைப்பவர்களும் உண்டு. உடலில் நீர் வற்றினால் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென இறங்கித் தலைசுற்றும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்போருக்கு ஆபத்து இன்னும் அதிகம். பகலில் போதிய அளவு குடித்து, படுக்கும் முன் மட்டும் குறைக்கலாம். இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவரிடம் அளவு கேட்பது அவசியம்.

மதுவைப் பற்றித்தான் குடும்பங்கள் வாய் திறப்பதில்லை. வயது ஏற ஏற உடலின் நீரளவு குறைவதால், 40 வயதில் தாங்கிய அதே ஒரு பாட்டில் பீர் 70 வயதில் கூடுதலாக ஏறும். தூக்க மாத்திரையுடன் சேர்ந்தால் நிதானம் தவறும். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம். 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டத்தின் குடும்ப மருத்துவரிடம் மாத்திரைகளைக் காட்டும்போது இதையும் சொல்லிவிடலாம்.