பிதுக்குப் பருப்பும் பிறப்புப் பெருவிழாவும்

விருந்து என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்மில் பலருக்கு நாவில் நீர் ஊறும். அதிலும் கிறிஸ்துமஸ் விருந்து என்றால் கேட்கவே வேண்டாம்! பிரியாணி மணக்கும், கறிக் குழம்பு கொதிக்கும், கேக் துண்டுகள் தட்டில் அடுக்கப்படும். ஆனால் அந்த விருந்து இலையின் ஓரத்தில், வெங்காயப் பச்சடிக்கும் ஊறுகாய்க்கும் நடுவே, பேருக்கு ஒரு கரண்டி வைக்கப்படும் காய்கறியைப் பற்றி யாரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? சில வீடுகளில் அந்த ஒரு கரண்டியும் இல்லை. அதைப் பற்றி எண்ணவே இக்கட்டுரையை எழுத முன்வந்தோம். “ஆண்டு மலரில் சமையற்குறிப்பா?” என்று சிலர் புன்னகை செய்யலாம். குறிப்பும் உண்டு, குறிப்புக்கு மேல் ஒரு வழக்கும் உண்டு. பொறுமையோடு படிக்குமாறு வேண்டுகிறோம்.

முதலில் ஒரு நிகழ்ச்சி. எங்களில் ஒருத்தியின் வீட்டுக்குச் சென்ற கிறிஸ்துமஸ் அன்று பக்கத்து வீட்டுப் பாட்டி உணவுக்கு வந்தார். கன்னடம் பேசும் குடும்பம்; தெரு முழுவதும் அவரை ‘அஜ்ஜி’ என்றே அழைக்கும். யுகாதிக்கு ஒப்பட்டும், பொங்கலுக்கு எள்ளும் வெல்லமும் அவர் வீட்டிலிருந்து தவறாமல் வரும். அஜ்ஜி புலால் உண்ணாதவர். அன்று அவர் இலையில் வைக்க அந்த வீட்டில் என்ன இருந்தது? வெறும் சோறு, ரசம், இரண்டு அப்பளம். கேக்கிலும் முட்டை. அஜ்ஜி ஒன்றும் சொல்லவில்லை. சிரித்த முகத்தோடு ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டார், வாழ்த்திவிட்டுப் போனார். அருகில் நின்று பரிமாறிய எங்கள் தோழிக்கோ முகம் சிறுத்துப் போயிற்று. “ஆறு அடுப்பு எரிந்தும் அஜ்ஜிக்கு ஒரு சட்டி இல்லையே!” என்று அவள் பள்ளி திறந்ததும் எங்களிடம் சொன்னாள். அந்தச் சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

நாம் வாழும் ஊர் எத்தகையது என்று சற்று நினைத்துப் பார்ப்போம். 1971-ல் தமிழக அரசு தொடங்கிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது முதல், லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் இங்கே எழுந்தன. பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்தனர். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆயிற்று. 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. ஆனால் ஆலைகள் வருமுன்பே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசிய பூமி இது. இன்று நம் வீட்டுக் கதவைத் தட்டும் விருந்தினரில் புலால் உண்ணாதவர் உண்டு. இன்ன முறையில் அறுத்த இறைச்சியைத்தான் உண்போம் என்னும் இஸ்லாமிய நண்பர் உண்டு. மருத்துவர் சொல்லால் கறியைக் குறைத்த தாத்தா உண்டு. இவர்கள் எல்லாரும் ஒரு கேள்வியும் கேளாமல் கை வைக்கக்கூடிய பாத்திரம் ஒன்றே ஒன்றுதான்: அது காய்கறிப் பாத்திரம். அதனை நாம் கடைசியில், மீந்த நேரத்தில், மீந்த எண்ணெயில் செய்வது முறையாகுமா?

காய்கறிக்கு நமக்குப் பஞ்சமா என்றால் அதுவும் இல்லை. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர்ப் பகுதியின் குளிர்ச்சியில் கோசும் பீன்சும் காரட்டும் செழிக்கின்றன. இராயக்கோட்டைத் தக்காளிக்குத் தனிப் பெயர். விடியுமுன்னே மூட்டைகள் ஏறி, 40 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பெங்களூருக்குப் புறப்பட்டுவிடுகின்றன. ஊரார் இலைக்கெல்லாம் காய் அனுப்பும் நாம், நம் பெருநாள் இலையில் மட்டும் அதற்கு இடம் தர மறக்கிறோம். நாள் ஒன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஓரக் கரண்டி அதில் எத்தனையில் ஒரு பங்கு என்பதைக் கணக்குப் பாடத்தில் தேர்ந்த தோழியர் சொல்லட்டும்.

எந்தக் காயைச் சமைப்பது? மார்கழியே விடை சொல்கிறது. பகற்பொழுது குறுகும்போதுதான் நம் நாட்டு அவரைச் செடி பூக்கும். ஆகவே டிசம்பர், ஜனவரி மாதங்களில், பனி இறங்கும் நாட்களில், மணமிக்க அவரைக்காய் சந்தையில் குவிகிறது. பெங்களூரில் ஜனவரியில் அவரைக்காய் மேளாவே நடத்துகிறார்கள். இதன் கொட்டையை ஊறவைத்துத் தோல் பிதுக்கி எடுத்தால் கிடைப்பதே பிதுக்குப் பருப்பு. இதனைக் கன்னடத்தார் ‘ஹிதுகித பேளே’ என்பர்; தெலுங்கர் ‘பிதிகி பப்பு’ என்பர். மூன்றும் ஒரே பொருள்தான். பால் என்பது ஹாலு ஆனதுபோல, பல் என்பது ஹல்லு ஆனதுபோல, பிதுக்கு என்பதும் கன்னடத்தில் ஹகரம் பெற்றது. ஒரே சட்டியில் மூன்று மொழியும் வேகிறது எனலாம். அஜ்ஜியின் இலையில் வைக்க இதைவிடப் பொருத்தமான தொடுகறி உண்டா?

இனிச் செய்முறை. பத்துப் பேருக்கு மூன்று கிலோ காய் வாங்க வேண்டும். காயின் எடையில் பாதிக்கும் குறைவாகவே கொட்டை தேறும். ஏமாந்தோம் என்று எண்ண வேண்டாம். 24-ஆம் தேதி மாலை காயை உரித்து, கொட்டையை நிறையத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு நள்ளிரவுத் திருப்பலிக்குச் செல்லலாம். விடிந்ததும் கொட்டையைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே வைத்து ஒரு முனையில் அழுத்தினால், பருப்பு மறுமுனையில் துள்ளிக் குதிக்கும். தோலைப் பக்கத்துத் தெருப் பசுவுக்குக் கொடுத்துவிடலாம்.

அரைமூடித் தேங்காய், ஆறு பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சி, எட்டுப் பல் பூண்டு, ஒரு கைப்பிடிக் கொத்தமல்லித் தழை, இரண்டு துண்டு பட்டை, மூன்று கிராம்பு, ஒரு சிறு கரண்டி கசகசா ஆகியவற்றை நைய அரைத்துக்கொள்க. எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, இரண்டு பெரிய வெங்காயமும் இரண்டு தக்காளியும் வதக்கி, அரைத்த விழுதைப் பச்சை வாசனை போகும்வரை கிளற வேண்டும். பிறகு பருப்பைக் கொட்டி, மூழ்கும் அளவு நீர் விட்டு, மிதமான தீயில் வேகவிட வேண்டும். கால் மணி நேரத்தில் வெந்துவிடும். பருப்பு விரலில் மசிய வேண்டும். அரைவேக்காடு கூடாது, ஏனெனில் அவரை விதையில் உள்ள தீங்கான பொருள் நன்கு வெந்தால்தான் நீங்கும். அடிக்கடி கிளறினால் கூழாகும். உப்பைக் கடைசியில் இட்டு, நீர் சுண்டிச் சேர்ந்தாற்போல் வந்ததும் இறக்க வேண்டும். பூண்டு உண்ணாத விருந்தினர் வருவார் எனில் பூண்டை விட்டுவிடலாம். ஒன்று மட்டும் மறக்கலாகாது: கறி கிளறிய கரண்டியை இதில் இடாதீர்! கறிச் சட்டி ஏறுமுன்பே, தனிப் பாத்திரத்தில், இதனை முதலில் செய்து மூடி வைப்பதே மரியாதை.

இங்கே சிலர் எதிர்வாதம் செய்வர். “ஏழை வீட்டில் ஆண்டுக்கு ஒருநாள் கறி சமைக்கிறார்கள், அந்த மகிழ்ச்சியையும் குறை சொல்லலாமா?” என்று கேட்பர். நாங்கள் கறி வேண்டாம் என்று சொல்லவில்லை. கறி இருக்கட்டும், காயும் தலைநிமிர்ந்து இருக்கட்டும் என்றே சொல்கிறோம்.

“அம்மாவுக்கு நேரம் ஏது?” என்பது அடுத்த கேள்வி. இதுவே கனமான கேள்வி. எங்கள் அன்னையரில் பலர் ஆலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள். திருப்பலி முடிந்து வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். விடிகாலையில் மீண்டும் அடுப்படி. அவர்கள் தலையில் இன்னும் ஒரு சட்டியை ஏற்றுவது எங்கள் நோக்கமன்று. பிதுக்குப் பருப்பின் சிறப்பே இதில்தான் உள்ளது. அது ஒருவர் செய்து முடிக்கும் வேலை அல்ல. ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்தால் அரை மணியில் தீரும் வேலை. கத்தி வேண்டாம், நெருப்பு வேண்டாம். நான்கு வயதுக் குழந்தைக்கும் எண்பது வயதுத் தாத்தாவுக்கும் இதில் பங்குண்டு. அப்பாவும் அண்ணனும் தம்பியும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து கொண்டே பிதுக்கலாம். பிதுக்குவதற்கு மீசை ஒரு தடையன்று! பெண்பிள்ளைகள் மட்டும் உரிக்க, ஆண்பிள்ளைகள் உண்ண என்று ஆண்டவர் எங்கும் கட்டளையிடவில்லை.

“பிதுக்கியதாகவே சந்தையில் கிடைக்கிறதே” என்பாரும் உண்டு. வாங்கலாம், தவறில்லை. பனியில் அமர்ந்து பிதுக்கி விற்கும் அந்தப் பெண்களின் விரல் நுனி சுருங்கிக் கிடப்பதைப் பார்த்தவர் விலை பேசி அடிக்கமாட்டார். கேட்ட காசைக் கொடுத்து வாங்குவதும் ஒரு கிறிஸ்துமஸ் காணிக்கைதான்.

நம் திருச்சபைக்கும் காய்கறி புதிதன்று. 1966-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளைத் தளர்த்துவதற்கு முன், கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நாள் ஒருசந்தியும் சுத்தபோசனமுமாக அனுசரிக்கப்பட்டது. பெருநாளின் வாசற்படியில் காய்கறியே காவல் நின்றது. பாபிலோன் அரண்மனையில் அரச உணவை மறுத்து மரக்கறி உண்ட தானியேலையும் அவன் தோழரையும் நாம் மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். நீதிமொழிகள் நூலும் பகையுள்ள வீட்டின் கொழுத்த விருந்தையும் அன்புள்ள வீட்டின் கீரையையும் தராசில் வைத்துப் பார்க்கிறது. எந்தத் தட்டு கனத்தது என்பது நமக்குத் தெரிந்ததே.

பெத்லகேமில் சத்திரத்தில் இடமில்லை என்று சொல்லப்பட்ட ஒருவருக்காகத்தான் நாம் குடில் கட்டுகிறோம். நட்சத்திரம் தொங்கவிடுகிறோம். அப்படிப்பட்டவரின் பிறந்தநாளில், நம் வீட்டுக்கு வந்த ஒருவருக்கு இலையில் இடமில்லை என்று ஆகலாமா?

ஆகவே தோழியரே, வரும் டிசம்பர் 24 அன்று மாலை உங்கள் வீட்டில் ஒரு முறம் அவரைக்காயை நடுக்கூடத்தில் வையுங்கள். வீட்டில் உள்ள அனைவரையும் சுற்றி உட்காரச் சொல்லுங்கள். பெற்றோர்களே, மகன்களையும் அந்த வட்டத்தில் அமர்த்துங்கள். எங்கள் தோழி இப்போதே அஜ்ஜியிடம் சொல்லி வைத்திருக்கிறாள்: “இந்த வருஷம் உங்களுக்கு வெறும் ரசமில்லை, அஜ்ஜி.” அதற்கு அஜ்ஜி சொன்ன பதில் என்ன தெரியுமா? “பிதுக்குவதற்கு என்னையும் கூப்பிடு, மகளே!”