சர்வர் எழுந்தது, அலாரம் எழவில்லை

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலுமாகச் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரமின்றித் தவித்தனர். விசாரணை அறிக்கையில், மின்கம்பியில் உரசிய மரங்களோடு ஒரு மென்பொருளும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. ஒஹாயோவின் ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனக் கட்டுப்பாட்டு அறையில், கோளாறுகளைச் சொல்ல வேண்டிய அலாரம் மென்பொருள் பிற்பகல் 2:14-க்குப் பிறகு உறைந்துபோனது. 2:41-க்கு அதைத் தாங்கிய சர்வரும், 2:54-க்கு மாற்று சர்வரும் விழுந்தன. சர்வர் விழுந்த செய்தி கணினிப் பிரிவுக்குத் தானாகவே போனது. அவர்களும் 3:08-க்குள் ரீபூட் செய்துவிட்டார்கள். ஆனால் அலாரம் வேலை செய்கிறதா என்று கட்டுப்பாட்டு அறையைக் கேட்கவில்லை. சத்தமில்லாததால் அங்கிருந்தவர்கள் எல்லாம் சரியாக இருப்பதாகவே நம்பினர்.

ஆக, அலர்ட் போயிருக்கிறது. அது சொன்னது சர்வரின் நிலையை மட்டுமே. நிலையையும் வேலையையும் ஒன்றென எண்ணும் இந்தக் குழப்பம் இன்றைய இயங்குதளங்களிலும் தீரவில்லை. லினக்ஸ் சர்வர்கள் பெரும்பாலானவற்றில் சர்வீஸ்களை மேய்க்கும் சிஸ்டம்டி, 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் ஒரு சர்வீஸைத் தொடங்க நேர்ந்தால் முயற்சியைக் கைவிடும். இயல்பான அமைப்பு அதுதான். நிர்வாகி ரீஸ்டார்ட் இடைவெளியை 5 விநாடியாக்கிவிட்டால் அந்த வரம்பு ஒருநாளும் எட்டப்படாது. சர்வீஸ் நாள் முழுக்கச் செத்துச் செத்துப் பிழைக்கும். 'கைவிடப்பட்டது' என்ற நிலைக்கு மட்டும் அலர்ட் வைத்தவருக்கு ஒரு செய்தியும் வராது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வைத்தவருக்கோ போன் ஓயாது. மறுநாளே அவர் அதை மியூட்டில் போட்டுவிடுவார்.

நிலை மாறியதா என்று பார்ப்பதைவிட, வேலை நடக்கிறதா என்று பார்த்து ஆளைக் கூப்பிடுவதே சரி. எதையும் தவறவிடாமல் அனைத்தையும் அனுப்புவதே பாதுகாப்பு என்பார்கள். பதிவேட்டுக்கு அது பொருந்தும், தூங்குகிற மனிதருக்குப் பொருந்தாது. நிர்வாகி தானே நிறுத்திய சர்வீஸுக்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. ஒருமுறை விழுந்து எழுந்தது லாக்கில் கிடக்கட்டும். அடிக்கடி விழுவதைப் பகலில் ஒருவர் பார்த்தால் போதும். வேலையே நின்றால்தான் நள்ளிரவு அழைப்பு.

சிஸ்டம்டியின் வாட்ச்டாக் இதற்கு ஓரளவு உதவும்: குறித்த நேரத்துக்குள் சர்வீஸிடமிருந்து உயிர்க்குறி வராவிட்டால் அது தோற்றதாகவே கணக்கு. உறைந்த மென்பொருளும் உயிர்க்குறி அனுப்பலாமே என்ற ஆட்சேபம் நியாயமானது. குறியை அனுப்ப மட்டும் தனி த்ரெட் வைத்தால் அப்படித்தான் நடக்கும். ஆகவே உண்மையான வேலை ஒரு சுற்று முடிந்த இடத்திலிருந்தே குறி கிளம்ப வேண்டும். வேறொரு கணினியும் சில நிமிடத்துக்கு ஒருமுறை போலிக் கோளாறு ஒன்றை அனுப்பி, அலாரம் அடிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. குறித்த நேரங்களில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஒரு வரி, ஒரு சிறு ஸ்கிரிப்ட்.