கோப்பைத் திறந்து திறமையை அளப்போம்

இலங்கையின் தேசிய பெறுகை ஆணைக்குழுவின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. 2015இல் அரசியலமைப்பின் 19ஆம் திருத்தத்தால் பிறந்து, 2020இல் நீக்கப்பட்டு, 2022இல் 21ஆம் திருத்தத்தால் மீண்ட ஆணைக்குழு அது. விதி புதிதாகிவிட்டது. அதைக் கையாளும் உத்தியோகத்தரின் திறமையை எப்படி அறிகிறோம்? இன்றும் பயிற்சி வகுப்புக்குப் போனாரா, சான்றிதழ் தனிப்பட்ட கோப்பில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். இது போதவே போதாது.

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு சிறு மதகை எடுத்துக்கொள்வோம். முகத்துவாரம் திறந்தால் கடல்நீர் ஏறும் இடம். ஆனால் விவரக்கூற்று, உள்நாட்டு வயல் வீதி ஒன்றின் பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. கம்பிக்கு மேல் இருக்கவேண்டிய கொங்கிறீட் கனம் மாற்றப்படவில்லை. ஆகக் குறைந்த விலைமனு தெரிவாகிறது. ஒப்பந்தகாரர் கேட்டதையே கட்டிக் கொடுக்கிறார். உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்து உப்ப, கொங்கிறீட் வெடிக்கிறது. கோப்பில் எல்லாக் கையொப்பமும் ஒழுங்காக இருப்பதால் கணக்காய்வு வினவலும் வராது. பிழை நடந்தது விலைமனு கோருவதற்கு முன்பே, விவரக்கூற்று எழுதிய மேசையில். அந்த மேசையில் இருப்பவரை நாம் ஒருநாளும் சோதிப்பதில்லை.

காலக்கணிப்பும் அப்படியே. ஒக்டோபரில் ஒப்பந்தம் வழங்கினால் வடகீழ்ப் பருவமழைக்குள்தான் மண்வேலை நடக்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேலை செய்த எவருக்கும் இது தெரியும்; பெறுகைத் திட்டத்தில் மட்டும் தெரிவதில்லை.

அமெரிக்கா தன் பாதுகாப்புத் துறையின் பெறுகைப் பணியாளருக்கென 1990இல் தனிச் சட்டமே இயற்றி, பதவிக்கேற்ற கல்வி, பயிற்சி, அனுபவம் மூன்றையும் வரையறுத்தது. நம் பிரதேச சபையிலோ நேற்றுவரை வேறு கிளையில் இருந்தவர் இடமாற்றத்தில் வந்து, மறுநாளே விலைமனு மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கையைத் தட்டச்சு செய்கிறார். குற்றம் அவருடையதல்ல. விலைமனு ஆவணம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அலுவலகப் பேச்சு தமிழில். நடுவில் அவர் தனியே விடப்படுகிறார்.

திறமையை அளக்கும் இடம் முடிந்துபோன கோப்புதான். பெயர்களை மறைத்து ஒரு விவரக்கூற்றைக் கையில் கொடுத்து, குறை எங்கே என்று கேட்கலாம். ஒரு விலைமனுவை நிராகரித்த காரணம், அழைப்பு ஆவணத்தில் முன்கூட்டியே சொன்ன நிபந்தனையா, பிறகு நினைத்துக்கொண்டதா என்று பிரித்துக்காட்டச் சொல்லலாம். அரை நாளில் தெரிந்துவிடும், யாருக்கு எது வேண்டுமென்று. அதன் பிறகே பயிற்சி. அதுவும் தமிழில், மூத்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பதாக.

திணைக்களத் தலைவர்களை வேண்டிக் கேட்கிறோம்: அடுத்த ஆண்டுக்கான பெறுகைத் திட்டத்தில் கையொப்பமிடுமுன், முடிந்த வேலைகளின் கோப்புகள் மூன்றை எடுத்து உங்கள் உத்தியோகத்தருடன் ஒன்றாக இருந்து வாசியுங்கள், பிறகு அந்த வேலைத்தலங்களுக்கும் அவர்களைக் கூட்டிச் செல்லுங்கள்.