காதில்லாத காமிரா

பறை பற்றி இன்னொரு டாக்குமெண்டரி. நாற்பது நிமிஷம். வைக்கோல் தீயில் தோல் காய்கிறது. பிறகு சாவு ஊர்வலம். பிறகு ஒரு பேராசிரியர். அடி துவங்கி நான்கு சுற்று வருமுன் அதன்மேல் பேராசிரியரின் குரல் ஏறிவிடுகிறது. ஒரு அடியை, துவக்கத்திலிருந்து முடிவுவரை, ஒரு தடவைகூடக் கேட்க முடியவில்லை. படம் முடிந்ததும் நண்பர்கள் 'உலுக்கிவிட்டது' என்றார்கள். எதைக் கேட்டு?

இதே நண்பர்கள்தாம் தெலோனியஸ் மாங்க்கைப் பற்றி இரவெல்லாம் பேசுகிறவர்கள். பிளாக்வுட் சகோதரர்கள் 1967-68இல் எடுத்து வைத்திருந்த காட்சிகளைக் கொண்டு சார்லட் ஸ்வெரின் 1988இல் உருவாக்கிய 'ஸ்ட்ரெய்ட், நோ சேஸர்' படத்தில், மாங்க்கின் விரல்கள் தட்டையாக விழுவதைப் பார்க்கிறோம். அடுத்த ஸ்வரத்துக்கு முன் அவர் தயங்குவதைக் கேட்கிறோம். அவரது மனநோயும் படத்தில் உண்டு. ஆனால் நோயைக் காட்டி வாசிப்பை விளக்கிவிட்டதாக அது பாவனை செய்வதில்லை. 1969 ஹார்லெம் இசைவிழாவின் பதிவுகள் ஏறத்தாழ ஐம்பது வருஷம் நிலவறையில் கிடந்து, 2021இல் 'சம்மர் ஆஃப் சோல்' என்ற படமாயின. அது துவங்குவதே ஸ்டீவி வொண்டர் ட்ரம்ஸ் வாசிப்பதில். இயக்கிய க்வெஸ்ட்லவ் தாமே ட்ரம்ஸ் வாசிப்பவர். எதைக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். கறுப்பர் பட்ட அவமானமும் கோபமும் இதனால் அந்தப் படத்தில் குறைந்துவிடவில்லை.

நம் காமிராவுக்கு மட்டும் ஏன் காது இல்லை? பறையடிப்பவரிடம் 'எங்கே அவமானப்பட்டீர்கள்?' என்று கேட்கத் தெரிந்த நமக்கு, 'இந்த அடியை இங்கே ஏன் மாற்றினீர்கள்?' என்று கேட்கத் தோன்றுவதில்லை.

பாகூர்ப் பக்கம் ஒரு சாவில் வாசித்துவிட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், எத்தனை அடி தெரியும் என்று கேட்டேன். 'எதுக்குங்க கேக்கறீங்க? தூக்கறதுக்கா, நடக்கறதுக்கா, எறக்கறதுக்கா?' என்றார். பிறகு அடிக்குச்சியை நிறுத்தி, சிண்டுக்குச்சியை மட்டும் ஓடவிட்டுக் காட்டினார். 'இது எங்கப்பாகிட்ட கெடையாது. நான் போட்டது.'

நான் போட்டது. இதைக் கேட்க எந்தப் படம் காத்திருந்தது? நாட்டார் கலை என்றால் நமக்கு ஆளில்லாத கலை. ஊர் போட்டது, காலம் போட்டது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கு ஆள் உண்டு. பாகூர்ப் பறைக்கு மரபு மட்டும் போதும்!

கலை என்று பேசினால் ஜாதி மறைந்துவிடும் என்பார்கள். 'உனக்கு இது கடமை, கலையல்ல' என்று முதலில் சொன்னதே ஜாதிதான். அதே வாக்கியத்தை இரக்கத்தோடு திருப்பிச் சொல்கிறது நம் டாக்குமெண்டரி. சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் செய்தது சரி. அதற்கு ஒப்பாரி வைக்க நமக்கு உரிமையில்லை. வைத்தவரும் தீர்மானித்தவர், எடுத்தவரும் தீர்மானித்தவர். தீர்மானிக்கிற மனத்தைக் காட்டாத படம் இருவரையும் அவமதிக்கிறது.

விலக்கு உண்டு. 2011இல் வந்த ஜோயி ஷெரினியனின் படம் 'இது இசை' என்று தலைப்பிலேயே வாதாடுகிறது. சிவகங்கைச் சீமையின் முனைவென்றிக்கு வந்து, 'குறிஞ்சி மலர்' குழுவினரிடம் தாமே பறை கற்றவர் அவர். அதற்கு அமெரிக்காவிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது.

நாம் எழுதினோமா? புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த கே. ஏ. குணசேகரன் 2016இல் மறைந்தார். அவர் 'மனுசங்கடா' பாடியதைச் சொல்கிறோம், அதை எழுதிய இன்குலாபைச் சொல்கிறோம். அந்தக் குரல் எங்கே மூச்சை வெட்டியது, எங்கே நீட்டியது என்று ஒரு பக்கம் எழுதியவர் நம்மில் யார்? 2025இல் பறைக்கு வேலு ஆசானும், தவிலுக்குப் புதுச்சேரி தட்சணாமூர்த்தியும் பத்மஸ்ரீ பெற்றார்கள். வாழ்த்துச் சொன்னோம். வில்லியனூர்த் தேரில் வடம் பிடிக்கும் கவர்னர் பெயர் தெரியும். தேருக்கு முன்னால் தவில் வாசித்துப் போகிறவர் பெயர்?

அடுத்து படமெடுக்கப் போகிறவர்களிடம் கேட்பது கொஞ்சம்தான். ஒரு அடியை முழுதாகக் கேட்கவிடுங்கள். பத்து நிமிஷமானால் பத்து நிமிஷம். பெயரைப் போடுங்கள், அடித்தவர் என்று மட்டும் அல்ல, போட்டவர் என்றும். பேராசிரியர் அப்புறம் பேசட்டும்.