செருப்புக் கடை பெருகினால் ஜாதி ஒழிந்துவிடுமா?

நமது நாட்டில் ஜவுளி வியாபாரமும் செருப்பு வியாபாரமும் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. சென்னை தியாகராய நகரில் மாடிமேல் மாடியாக எழும்பிய கடைகள் இன்று சிறு பட்டணங்களிலும் முளைத்துவிட்டன. கைப்பேசியில் கேட்டால் சட்டையும் செருப்பும் கிராமத்து வாசலுக்கே வந்து சேருகின்றன. இதைக் கண்ட சில பெரிய மனிதர்கள், "காசுள்ளவன் எவனும் எதையும் உடுத்தலாம் என்றாகிவிட்டது, இனி ஜாதி ஏது?" என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

வியாபாரம் பெருகுவதில் நமக்கு வருத்தமில்லை, சந்தோஷமே. ஆனால் நம் மக்களில் பலர் துணியும் செருப்பும் இல்லாதிருந்தது வறுமையால் மாத்திரந்தானா? 1930-ல் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது, சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது, பெண்கள் மார்பை மூடக்கூடாது என்பவையெல்லாம் அவற்றில் அடக்கம். இப்படிப்பட்டவன் கையில் காசிருந்துதான் என்ன பயன்?

இது பழங்கதை என்பீர்களானால் திருப்பூர் ஜில்லாவைப் பாருங்கள். உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்பும் ஜில்லா அது. அங்கே மடத்துக்குளம் தாலுகா ராஜாவூரில், 2023 டிசம்பரில்தான் சுமார் 60 ஆதிதிராவிடத் தோழர்கள் ஒன்றுகூடி, ஒரு தெருவில் செருப்புக் காலோடு நடந்து, நெடுங்காலத் தடையை உடைத்தார்கள். செவ்வாய்க் கிரகத்துக்கு 2013-ல் கலம் அனுப்பிய தேசம், 2015-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, பொது இடத்தில் ஒருவன் செருப்பணிவதையும் புதுத்துணி உடுத்துவதையும் தடுப்பது குற்றம் என்று தனியாக எழுத வேண்டியிருந்தது! ஜாதி ஒழிந்த நாட்டில் இப்படியொரு சட்டத்துக்கு வேலையென்ன?

அன்றியும், ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பதனிடுகிற தோல், பூட்ஸாகிக் கண்ணாடிப் பெட்டியில் ஏறிவிட்டால் அதற்குத் தீட்டில்லை. வாங்குகிறவன் அதைக் கையில் தூக்கித் திருப்பிப் பார்க்கிறான். காலில் மாட்டி அழகு பார்க்கிறான். தோலை உரித்தவனுக்கும் செருப்பைத் தைத்தவனுக்கும் மாத்திரம் தீட்டாம்! செத்த மாட்டின் தோலுக்கு உள்ள யோக்கியதை உயிருள்ள மனிதனுக்கு இல்லையென்றால், இதற்குப் பெயர் மதமா, ஆசாரமா, பித்தலாட்டமா?

கடைக்காரன் செருப்பைக் கொடுப்பான். அதைப் போட்டுக்கொண்டு நடக்கத் தெருவைக் கொடுக்கமாட்டான். அது அவன் வேலையுமல்ல, நம் வேலை. ஆகவே தோழர்களே, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டிய தெரு உங்கள் ஊரில் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். உண்டென்றால் அந்தத் தெருவில் செருப்போடு நடக்க ஆதிதிராவிடத் தோழர்களை மாத்திரம் அனுப்பிவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். அந்தத் தெருவிலேயே பிறந்த சுயமரியாதைக்காரன் எவனோ, அவனே அவர்களோடு முன்வரிசையில் நடக்கட்டும். அதுவே சுயமரியாதை என்று சொல்லுகிறோம்.