பூனைக்குக் காய்ச்சலா? மூக்கைத் தொட்டுப் பார்த்து வைத்தியம் பண்ணாதீங்க!

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் கோபமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

போன மாசம் எங்க எதிர்வீட்டு அத்தை வளர்த்த பூனை செத்துப்போச்சு. "உடம்பு சுடுது, மூக்கு காஞ்சிருக்கு, காய்ச்சல்தான்" என்று முடிவுகட்டி, அரை பாரசிட்டமாலைப் பாலில் கரைத்துக் கொடுத்துவிட்டார். பாசத்தில்தான் கொடுத்தார். மறுநாள் ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சு வாங்கி... அவ்வளவுதான்.

முதல் விஷயம். பூனையின் இயல்பான வெப்பமே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்கு 98.6. அப்புறம் நல்லா இருக்கிற பூனையும் நம் கைக்குச் சூடாகத்தானே தெரியும்? மூக்கு வெயிலில் படுத்தாலும் காயும், தூங்கி எழுந்தாலும் காயும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இரண்டாவது விஷயம். பாரசிட்டமாலைப் பக்குவமாக வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. மருந்தே விஷமாகி ரத்தத்தைக் கெடுக்கிறது. அந்த ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. நமக்கு மருந்து, அதற்கு எமன்!

அப்போ எதைப் பார்ப்பது? சாப்பாட்டை ஒதுக்குவது, கட்டிலுக்கடியில் போய் ஒளிவது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்யாமல் விடுவது, நடுக்கம், வேகமான மூச்சு. சந்தேகம் வந்தால் டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் பார்க்கணும். 103-க்கு மேல் என்றால் காய்ச்சல். 104-ஐத் தாண்டினால் அன்றைக்கே டாக்டர். பிறாண்டிக் கடித்தால் விட்டுவிடுங்கள், டாக்டரே பார்க்கட்டும். வெப்பம் எவ்வளவு இருந்தாலும், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத பூனையை வீட்டில் வைத்து வேடிக்கை பார்க்காதீர்கள். பட்டினி நீண்டால் கல்லீரல் கெடும்.

"பூனைக்கெல்லாம் டாக்டரா? வெட்டிச் செலவு" என்பவர்களுக்கு ஒரு பி.காம். மாணவனின் கணக்கு: ஒரு தெர்மாமீட்டர் ஒரு சினிமா டிக்கெட் காசுதான். சென்னை வேப்பேரியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லிருந்து இருக்கிறது. மற்ற ஊர்களிலும் அரசு கால்நடை மருந்தகங்கள் உண்டு. பணம் ஒரு சாக்கு, சோம்பல்தான் காரணம்.

அத்தை இன்னமும் அந்தக் கிண்ணத்தைக் கழுவி வைக்கவில்லை. அவரிடம் இதையெல்லாம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உங்களிடமாவது சொல்லிவிட்டேன்.