நகைக்கும் வேண்டும் ஒரு நோட்டு

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மொய் எழுத உட்காருகிறவர் சாதாரண ஆள் இல்லை. கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும், சொந்தபந்தம் தெரிந்திருக்க வேண்டும், பசி தாங்க வேண்டும். வேடசந்தூர் மாமா 501, சாணார்பட்டிப் பெரியப்பா 1,001 என்று ஊர், பேர், தொகை மூன்றும் பிசகாமல் ஏறும். பல வருஷம் கழித்தும் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் திருப்பிச் செய்வார்கள். அதே மேடையில் பெண்ணுக்குப் போட்ட நாற்பது பவுனுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

திண்டுக்கல்லில் ஒரு வங்கிக்கு நகை மதிப்பீட்டாளராக இருந்து ஓய்ந்தவன் நான். மாதச் சம்பளம் கிடையாது. கடனுக்கு இவ்வளவு என்று கமிஷன்தான். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காய்கறி நடவுக்கு, நிலக்கோட்டைப் பூந்தோட்டத்து உரத்துக்கு, சின்னாளபட்டித் தறிக்கு நூல் வாங்க, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று இந்தச் சமவெளியின் நகைகள் என் உரைகல்லைத் தாண்டித்தான் பெட்டகத்துக்குள் போயின.

இப்போது வீடு தேடி வந்து கேட்கிறார்கள்: “மாமா, நீங்க பேங்குக்கு எழுதிக் கொடுத்த மதிப்பு இருக்குல்ல, அதையே வருமான வரிக்கும் கோர்ட்டுக்கும் காட்டிக்கலாமா?” காட்டலாம், ஆனால் அது வேறொரு கேள்விக்குச் சொன்ன பதில். இவர் மீட்காமல் போனால் ஏலத்தில் என்ன தேறும் என்பது மட்டுமே வங்கியின் கவலை. அதனால் கல்லைக் கழிப்போம், அரக்கைக் கழிப்போம், கோத்த கயிற்றைக் கழிப்போம். வைரத்தோடாகவே இருந்தாலும் அங்கே வைரத்துக்கு மதிப்பு பூஜ்யம். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் போட்ட விதிப்படி, முந்தைய நாள் விலை, முப்பது நாள் சராசரி விலை இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. வரிக்கும் பாகப்பிரிவினைக்கும் வேண்டியது வேறு: குறிப்பிட்ட ஒரு தேதியில், வெளிச்சந்தையில் விற்றால் இந்த நகை என்ன பெறும்? கல்லும் வேலைப்பாடும் அதில் சேரும்.

அதை எழுதித் தரும் தகுதி பதிவு பெற்ற மதிப்பீட்டாளருக்குத்தான். செல்வ வரிச் சட்டத்தின் கீழ் பதிந்தவர்களின் அறிக்கையைத்தான் வருமான வரித்துறை இத்தனை காலமும் ஏற்று வந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், செல்வ வரியையே 2015-ல் எடுத்துவிட்டார்கள். அதற்காகப் பதிந்த மதிப்பீட்டாளர்கள் மட்டும் நிலைத்துவிட்டார்கள். கம்பெனிச் சட்டத்தில் 2017-ல் வந்த மதிப்பீட்டாளர் விதிகளில் நிலம், கட்டடம், இயந்திரம், பங்குப் பத்திரம் எல்லாம் உண்டு, நகை இல்லை.

நத்தம் பக்கத்திலிருந்து ஒரு அக்காவும் தம்பியும் அம்மாவின் தண்டட்டியைக் கொண்டுவந்தார்கள். அம்மா காரியம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. தராசில் ஜோடி ஐந்து பவுனுக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது. ஐந்து பவுன் என்று கணக்குப் போட்டு, அதுவே அக்காவின் பங்கு என்று தம்பி ஒரு வெள்ளைத்தாளில் எழுதியும் வைத்திருந்தார். ஓரத்தில் உரைத்தேன். கல்லில் விழுந்த கோடு நல்ல மஞ்சள். திராவகம் பட்டும் கலையவில்லை. மாற்றில் குறை சொல்ல முடியாது. நகத்தால் தட்டினால்தான் சங்கதி தெரிந்தது: மொத்தென்று ஒரு சத்தம். உள்ளே முழுக்க அரக்கு, மேலே போர்த்திய தகடுதான் பொன். இரண்டு பவுன் தேறினால் பெரிது என்றேன். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் இன்னொன்றையும் சொன்னேன். அந்த மாதிரி வேலை செய்ய இன்றைக்குக் கை இல்லை; பழம்பொருள் சேர்க்கிறவர் கண்ணில் பட்டால் பொன் விலைக்கு மேலேயே கொடுப்பார். ஒரே நகைக்கு அடகுக்கு ஒரு மதிப்பு, உருக்க ஒரு மதிப்பு, உருவத்தோடு விற்க ஒரு மதிப்பு. தம்பியின் தாளில் ‘தண்டட்டி 1 ஜோடி’ என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

என் கட்சி இதுதான். மதிப்பீடு என்றால் விலை என்று நினைக்கிறோம். அன்றைய விலையைப் பேப்பர் பார்த்து ஏழாம் வகுப்புப் பிள்ளை பெருக்கிச் சொல்லிவிடும். எந்த நகை, மொத்த எடை என்ன, கல்லும் அரக்கும் போக நிகர எடை என்ன, என்ன மாற்று, என்ன முத்திரை, யார் யாருக்கு எப்போது கொடுத்தது, இந்த விவரத்தைத்தான் பிறகு உண்டாக்க முடியாது. கேட்டுச் சொல்ல அம்மா இருக்கமாட்டார். செய்த ஆசாரியும் இருக்கமாட்டார்.

சட்டம் இதை எப்போதோ சொல்லிவிட்டது. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-ல் வந்த விதிகள், கல்யாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வந்த பரிசுகளைப் பட்டியலிடச் சொல்கின்றன: பொருளின் விவரம், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு, கீழே கையெழுத்து. கேட்காமல் மனமுவந்து கொடுத்ததற்குத்தான் இந்தப் பட்டியல். “நாங்க என்ன வரதட்சணையா கொடுத்தோம்?” என்று சண்டைக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அதே 1985-ல், சீதனம் பெண்ணின் முழுச் சொத்து, கணவன் வீட்டார் அதை நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பவர்கள் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால், நகையைத் திருப்பிக் கேட்டு நிற்கும் பெண்ணிடம் வக்கீல் முதலில் கேட்பது என்னென்ன போட்டார்கள் என்பதைத்தான். அவள் கல்யாண ஆல்பத்தை எடுத்து நீட்டுவாள். போட்டோவில் கவரிங்கும் பொன்னும் ஒரே மாதிரிதான் மின்னும்.

வரிப் பக்கம் வந்தால் 500 கிராம் கதை. கல்யாணமான பெண் 500 கிராம், ஆகாத பெண் 250, ஆண் 100 கிராம், அதற்கு மேல் வைத்திருந்தால் குற்றம் என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். மத்திய நேரடி வரிகள் வாரியம் 1994 மே மாதம் அனுப்பிய அறிவுறுத்தல் அது. சோதனைக்குப் போகும் அதிகாரிகள் இந்த அளவு வரை நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். வைத்துக்கொள்ள உச்சவரம்பு எதுவும் அதில் இல்லை. வந்த வழி சொல்ல முடிந்தால் ஒரு கிலோவும் இருக்கலாம். சொல்ல முடியாததுதான் தொல்லை. கணக்கில் வராத சொத்துக்கான வரியை 2016-ல் 60 விழுக்காடாக உயர்த்தினார்கள், கூடுதல் வரி தனி. பாட்டி நகைக்கு அந்த நிலைமை வரலாமா?

விற்கும்போது இன்னொரு கணக்கு. கட்டில், பீரோ, பாத்திரம் விற்றால் வரி கிடையாது. நகை அப்படியில்லை, அது மூலதனச் சொத்து. பரம்பரையாக வந்ததற்கு, முன்னோர் வாங்கிய விலையே உங்கள் விலை. 2001-க்கு முந்தியதாக இருந்தால் அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்குப் பவுன் மூவாயிரத்துச் சொச்சம். 2025-ல் 90,000-ஐத் தாண்டியது. பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் காட்டும் சலுகையும் 2024 ஜூலை 23 முதல் நகைக்கு இல்லை. நீண்டகால லாபத்துக்கு 12.5 விழுக்காடு வரி. நேர்மையாகச் சொன்னால், சாதாரணச் செயினுக்கு 2001 மதிப்பறிக்கை வாங்கினாலும் வரியில் மிச்சமாவது சில நூறு ரூபாய்தான். கல் நகை, பழைய வேலைப்பாடு என்றால் கதை வேறு. அறிக்கையின் பெரிய பலன், இது என் பாட்டியுடையது, புதிதாக வாங்கியதில்லை என்று சொல்வதற்கு ஒரு துணை.

அதற்கு நகை கையில் இருக்க வேண்டும். ரத வீதிக் கடைக்குப் போய் காசுமாலையைக் கொடுத்துவிட்டுப் புது ஆரம் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். வரிச் சட்டத்தின் கண்ணில் அது விற்பனை; கைக்குப் பணம் வராவிட்டாலும் விற்பனைதான். உருக்கிய பிறகு எந்த மதிப்பீட்டாளரும் எதையும் பார்க்க முடியாது. உருக்குவதற்கு முன்பே விவரம் எழுதி வாங்குங்கள். பழைய தங்கம் கொடுத்த ரசீதையும் புது ரசீதையும் சேர்த்துக் குத்தி வையுங்கள்.

பாகப்பிரிவினையில் நான் அதிகம் கேட்ட வசனம், “அவளுக்கு முப்பது பவுன் போட்டாச்சு, நிலத்துல என்ன பங்கு?” என்பது. தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்துவிட்டது. போட்ட நகை அந்தப் பங்கைத் தானாகக் கழித்துவிடாது. அவளாக விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதினால்தான் போகும். பேசித் தீர்க்கும்போது நகையையும் கணக்கில் சேர்க்கிறீர்கள் என்றால், இரண்டுக்கும் ஒரே தேதியின் மதிப்பைப் போடுங்கள். நிலத்துக்குக் கல்யாணத்தன்று இருந்த விலையும் நகைக்கு இன்றைய விலையும் வைத்துத் தட்டில் நிறுத்துகிற அண்ணன்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அரசு செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. பதிவு பெற்ற நகை மதிப்பீட்டாளர்கள் யார், எங்கே, கட்டணம் என்ன என்பதைத் தமிழில் ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலக வாசலிலும் ஒட்டலாம்.

அதுவரை கைக்கெட்டும் காகிதம் ஒன்று உண்டு. நான் மேலே சொன்ன ரிசர்வ் வங்கி விதிகள், நகைக்கடன் வாங்குகிறவர் முன்னிலையிலேயே மாற்றுப் பார்க்க வேண்டும், மாற்று, மொத்த எடை, நிகர எடை, கழிவு, பழுது, நகையின் படம், மதிப்பு எல்லாம் போட்டுச் சான்று தயாரித்து ஒரு பிரதியை அவரிடம் கொடுக்க வேண்டும் என்கின்றன. இதை நடைமுறைப்படுத்தக் கடன் கொடுப்பவர்களுக்கு 2026 ஏப்ரல் 1 வரை அவகாசம் இருந்தது. அதிலுள்ள மதிப்பு வரிக்கு உதவாது. ஆனால் அந்த நகை அந்தத் தேதியில் உங்களிடம் இருந்தது என்பதற்குப் படத்தோடு சாட்சி. கவுன்டரில் “அது எதுக்கும்மா உங்களுக்கு, ஃபைல்லயே இருக்கட்டும்” என்று சொன்னால் நகராமல் நின்று வாங்குங்கள். கடனை அடைத்து நகையை மீட்டபிறகும் அதைக் கிழித்துப் போடாதீர்கள்.